உள்ளே வைத்த குங்குமம்

காந்திமதி எழுதிய நாவல் ஒரு ஃப்ளாப்பிக்குள் இருந்தது. இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். அவள் புருஷன் வேங்கடேசன் கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

1998இல் விழுப்புரத்தில் சக்கரபாணியின் டி.டி.பி. கடையில் அவளுக்குக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் சுகதுக்கமெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போனது. முதலாளி சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து நாவலை அடித்தாள். நாற்பது பக்கம்தான், ஆனாலும் நாவல். மறு வருஷம் கல்யாணம். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்குவதற்குள் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி போடுகிற வாயே இல்லாமல் போய்விட்டது.

2012 போகிக்குக் கொளுத்துகிற குவியலில் வேங்கடேசன் அதைத் தூக்கிப் போட்டார். காந்திமதி பாய்ந்து எடுத்தாள்.

"உள்ள இன்னா இருக்குன்னு ஒரு தபா காட்டு. அப்பால நான் வாயே தொறக்கல" என்றார்.

இருந்தால் அவள் எழுத்தாளர். இல்லாவிட்டால் பதிமூன்று வருஷமாகப் பொய் சொன்னவள். பொங்கல் முடிந்ததும் இருவரும் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே இருதய அருண் என்பவரின் ரிப்பேர் கடையில் பழைய ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அருண் ஃப்ளாப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு அதிர்ந்தார். "இன்னாக்கா இது, செவப்பா?"

"குங்குமம்" என்றாள் காந்திமதி, தரையைப் பார்த்து.

சரஸ்வதி பூஜைக்குக் கடையிலிருந்த எல்லா ஃப்ளாப்பிக்கும் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார் சக்கரபாணி. மற்றதற்கெல்லாம் மேலே வைத்தவள், தன் நாவலுக்கு மட்டும் கதவைத் திறந்து உள்ளே சுழலும் கருப்புத் தகட்டிலேயே வைத்தாள். கலைமகள் உள்ளேயே போய் உட்காரட்டும் என்ற ஆசை. வேங்கடேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க கடைக்கும் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாருக்கா. நான் எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கவரு போட்டுட்டுத்தான் அவர உள்ள உட்டேன்" என்றார் அருண்.

பிளேடால் கூட்டைப் பிளந்து, தகட்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் பட்டும் படாமலும் கழுவினார். உலர்ந்ததும் வேறொரு ஃப்ளாப்பியின் கூட்டுக்குள் அதை மாற்றி டிரைவில் செருகினார். டிரைவ் கர்கர்ரென்று இருமியது. நாற்பதில் ஒன்பது பக்கம் தேறியது.

வேங்கடேசன் கிண்டலாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். கண்ணீர் அஞ்சலி வாடை தூக்கலாக இருந்தது. கதாநாயகி பானுப்ரியாவின் அப்பா மூன்றாவது வரியிலேயே இறைவனடி சேர்ந்தார். காந்திமதிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. மூன்றாம் பக்கத்தில் வேங்கடேசன் குரல் தணிந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பதாம் பக்கத்தில், கெடார் கிராமத்துக் கரும்புக் கொல்லைக்கு நடுவே இருந்த வீட்டின் கதவை யாரோ தட்டினார்கள். பானுப்ரியா அரிவாளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திறந்தாள். வெளியே நின்றது...

அதற்கு மேல் வெறும் கட்டம் கட்டமாக இருந்தது.

"யாரு நின்னது?" என்றார் வேங்கடேசன்.

"அவ்ளோதான் சார். பொட்டு வச்ச எடம் அது" என்றார் அருண்.

"ஏய், யாருடி நின்னது?"

காந்திமதிக்குச் சுத்தமாக நினைவில்லை. மண்டையைக் கசக்கிப் பார்த்தாள், ஒருத்தர் முகமும் வரவில்லை. "கெளம்புங்க, பஸ்ஸ உட்டுறப் போறோம்" என்றாள்.

பஸ் விக்கிரவாண்டிக்கு வந்தபோது அவர் அவள் பக்கம் சாய்ந்தார். "மாமங்காரன்தானே?"

"உள்ள ஒண்ணுமே இல்லன்னு சிரிச்சிக்கினு இருந்தீங்களே."

"அத உடு. போலீஸா?"

மறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிடுவார். அவள் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் வருவதற்குள் வேங்கடேசன் மூன்று பேரைச் சந்தேகப்பட்டு முடித்திருந்தார். மூன்றாவது ஆள் பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது.

"எறங்கனதும் ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க. எழுதிட்டுச் சொல்றேன்" என்றாள்.