ஒன்பதாம் லீவர்

எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் றமீலாவுக்குச் சோறு இறங்காது. ரயில்வேயின் வரைபடப் பிரிவில் பதினேழு வருஷம் குந்தியிருந்து வந்த பழக்கம் அது. அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கட்டிய மாப்பிள்ளை நிஸாம் கண்டி மஹய்யாவையில் பக்கத்து வீட்டாரைச் சிரிக்க வைப்பார்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு புது வேலை கொடுத்திருந்தார்கள். ரம்புக்கணையிலிருந்து கண்டி வரைக்கும் மலையேறும் பாதையில் இருக்கிற சிக்னல் கேபின்களின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுத வேண்டும். எந்தக் கேபின் எந்த ஆண்டில் எழும்பியது, அதில் எத்தனை லீவர், எந்த லீவர் எதை இழுக்கும், இவ்வளவுதான். றமீலா இரண்டு மாதமாகப் பாதை நெடுக நடந்தாள். கேபின் என்றால் எல்லாம் ஒரே அச்சுத்தான். மேல்மாடியில் சுற்றிவரக் கண்ணாடி யன்னல், நடுவில் ஆளுயர இரும்பு லீவர்கள் வரிசையாக. கீழே எப்போதும் பூட்டிக் கிடக்கிற ஓர் அறை. மேலே லீவரை இழுத்தால் கீழறையில் இரும்புத் தண்டுகள் நகரும். வெளியே தண்டவாளம் திரும்பும். அதற்குப் பிறகுதான் கைகாட்டி இறங்கி ரயிலுக்கு வழிவிடும்.

பேராதனைச் சந்தி நிலையத்துக்கும் கண்டிக்கும் நடுவில் ஒரு கேபின். ஊர்வாயில் அதற்கு மாமரக் கேபின் என்று பேர். அதன் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டிப் புரட்டியபோதுதான் எண் இடித்தது. 1983 ஜூலை இருபத்தேழாம் திகதி. கண்டியில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்துகொண்டிருந்த நாட்கள். அன்றைக்கு ஓடிய ஒன்றிரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு நேரே, அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: 'ஒன்பதாம் லீவர் இறுகிவிட்டது. வண்டி கைகாட்டியில் பதினொரு நிமிஷம் நின்றது.' கீழே ஒப்பம், ஹேமபால.

றமீலா வரைபடத்தை விரித்தாள். ஒன்பதாம் லீவருக்கு வெள்ளை நிறம். வெள்ளை என்றால் உபயோகமில்லாதது. பின்னொரு காலத்தில் தேவைப்படலாம் என்று விட்டுவைத்தது. அதிலிருந்து ஒரு கம்பிகூட வெளியே போகவில்லை.

"ஒண்டோடயும் சேராத லீவர் எப்பிடி இறுகும்? செல்லுங்க பாப்பம்," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

"மனுசன் மாறி எழுதி இருப்பான். நீ சோத்தத் தின்னு," என்றார் நிஸாம்.

"பதினாலு வருசம் இந்தாள் எழுதின கொப்பி என்ட கைல ஈக்கி. ஒரு எழுத்துப் பிழை இல்ல. அண்டைக்கு மட்டும் மாறுமா?"

நிஸாம் குழம்புச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். வேறென்ன செய்வார்.

ஓய்வூதியப் பிரிவில் கேட்டு விலாசம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறினாள். ஹேமபாலவுக்கு எழுபத்துநாலு வயது. முற்றத்தில் அந்தூரியம் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் சிங்களத்தில்தான். கேபின் என்றதும் முகம் மலர்ந்தது. ஒன்பதாம் லீவர் என்றதும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்து, சிரித்தார்.

"உங்கட ரயில்வே ஆட்களுக்கு அது கண்ணில பட நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருக்கு, மகள்."

"ஏன் மாத்தயா அப்படி எழுதினீங்க?"

அவர் மனைவியைக் கூப்பிட்டுத் தேநீர் வைக்கச் சொன்னார். அது வந்து, ஆறி, ஏடு கட்டிய பிறகுதான் தொடங்கினார்.

அன்று காலை கேபினின் கண்ணாடி வழியாக அவர் மூன்று பேரைக் கண்டிருக்கிறார். ஒருவன், அவன் பெண்சாதி, இடுப்பில் ஒரு குழந்தை. பேராதனைப் பக்கம் போனால் தப்பிக்கலாம் என்று தண்டவாளத்தோடு ஓடிவந்தவர்கள். பின்னால் றோட்டுப் பக்கம் புகை. கூச்சல் கிட்டக் கிட்ட வந்தது. ஹேமபாலவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. யோசிக்க நேரமில்லை. படியிறங்கி ஓடி, கீழறையைத் திறந்து மூவரையும் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு மேலே வந்துவிட்டார். நாலைந்து பேர் பொல்லுகளோடு கேபினடிக்கு வந்து, யாரும் இந்தப் பக்கம் வந்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அவர்கள் போகவில்லை. மாமரத்து நிழலில் குந்திக்கொண்டார்கள்.

மத்தியானம் வண்டிக்கு மணி அடித்தது. வண்டி ஊதிக்கொண்டே கிட்ட வந்தபோது அவர் தண்டவாளம் திருப்பும் லீவரில் கை வைத்தார். கீழேயிருந்து அந்தப் பெண்ணின் அலறல்.

"லீவரை விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை தவழ்ந்து போய் இரண்டு தண்டுகளுக்கு நடுவில கையை விட்டிருக்கு. கையில ஒரு காப்பு. அது மாட்டிக்கொண்டுது. நான் லீவரை ஒரு இழுப்பு இழுத்திருந்தால்..." அவர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

வெளியே ரயில் வந்து நின்று ஊதிக்கொண்டே இருந்தது. மேலே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில்தான் மாமரத்தடி ஆட்களுக்கு அலறல் கேட்கவில்லை. தண்டுகளுக்குப் பூசும் கிரீஸை அள்ளிப் பிள்ளையின் கை முழுக்கத் தடவி, காப்பை மெல்ல மெல்ல உருட்டிக் கழற்றி எடுக்கப் பதினொரு நிமிஷம்.

"பதிவேட்டில காரணம் எழுத வேணும். உண்மையான லீவரின் எண்ணை எழுதினால் மறுநாள் காலையில திருத்துகிறவர்கள் வந்து கீழறையைத் திறப்பார்கள். ஒன்பது என்று எழுதினேன். கந்தோரில மேசையடியில இருக்கிறவர்களுக்கு அது எண் மட்டும்தான். திருத்துகிற பாஸுக்குத் தெரியும், ஒன்பதில் ஒன்றுமே இல்லை என்று. அவர் வரவில்லை. ஏனென்று கேட்கவும் இல்லை."

பொழுது சாயுமுன் மாமரத்தடி ஆட்கள் கலைந்துபோய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஒரு சாமான் வண்டியின் கார்டிடம் கெஞ்சி, மூவரையும் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்களா இல்லையா என்பது இன்றுவரைக்கும் தெரியாது.

றமீலாவுக்குக் கண் கலங்கியது. "பெரிய வேலை செஞ்சிருக்கீங்க மாத்தயா."

"இல்லை," என்றார் ஹேமபால. "காப்பைக் கழற்றின பிறகு நான் அந்தப் பெண்ணை ஏசினேன். பிள்ளை இன்னொரு முறை சத்தம் போட்டால் கதவைத் திறந்துவிடுவேன், வெளியே போய்ச் சாவுங்கள் என்று சொன்னேன். வெளியே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். மற்றதெல்லாம் மறந்துபோகுது மகள், அது மட்டும் போகமாட்டேன் என்கிறது."

புறப்படும்போது கேட் வரைக்கும் வந்தார். அந்த மனிதன் மாநகரசபையில் தெருக்கூட்டும் வேலை செய்தவன், மஹய்யாவைக்காரன்; பிள்ளையைக் குமாரி, குமாரி என்று கூப்பிட்டார்கள்; இவ்வளவுதான் தெரியும் என்றார்.

"நானும் மஹய்யாவதான்," என்றாள் றமீலா.

தேட மூன்று நாள்கூட ஆகவில்லை. மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில், கோயிலுக்குப் பின்வரிசையில் விசாரித்தபோது, எண்பத்து மூன்றில் முகாமுக்குப் போய்த் திரும்பி வந்த குடும்பங்களை விரல்விட்டுச் சொன்னார்கள். அதில் ஒன்று பெரியதம்பியின் குடும்பம். அவரும் இல்லை, அவர் மனைவி செல்லம்மாவும் இல்லை. மகள் இருக்கிறாள். இராஜகுமாரி. மாநகரசபையிலேயே கிளார்க். றமீலா எத்தனையோ வருஷமாக பஸ் தரிப்பில் பார்த்துத் தலையசைக்கிற அதே இராஜகுமாரி!

இராஜகுமாரி கதையை நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் சுவரோரம் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க அக்கா. ரயில் பாதையத் தாண்டுறப்ப மட்டும் என் இடது கை மணிக்கட்டைப் புடிச்சிக்குவாங்க. எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ள பொறந்த பொறகுங்கூட. 'என்னம்மா, நான் என்ன சின்னப் புள்ளையா'ன்னு ஒதறிவிட்டிருக்கேன்." பிறகு, "அவரு வீடு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அடுத்த பௌர்ணமி, போயா தினம், விடுமுறை. இருவருமாகப் புறப்பட்டார்கள். பஸ்ஸில் இராஜகுமாரி யன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் ஒரு டின்னில் முறுக்கு. றமீலாவுக்கு உள்ளுக்குள் பயம்தான். அந்த ஏச்சு விஷயத்தை அவள் இராஜகுமாரியிடம் சொல்லியிருக்கவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

றமீலா முன்னமே எல்லாம் சொல்லியனுப்பியிருந்தாள். ஹேமபால வெள்ளைச் சேட்டு போட்டுக் காத்திருந்தார். இராஜகுமாரியை ஏறிட்டுப் பார்த்தவர், என்ன செய்வதென்று தெரியாமல், "கை சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு! கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. இராஜகுமாரி இடது கையை நீட்டிக் காட்டினாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கும் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அவர் சொல்லிவிட்டார். வளைக்காமல், மறைக்காமல், தான் ஏசியதை அப்படியே சொன்னார். "உங்கட அம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. அவ இல்லை. உங்களிடம் கேட்கிறேன்."

றமீலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"எங்கம்மா என்ன செஞ்சாங்க?" என்றாள் இராஜகுமாரி.

"உங்கட அம்மாவா?" ஹேமபால நிமிர்ந்தார். "அவ என்னைத் திருப்பி ஏசினா. என்ன ஏச்சு! பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு, விரலை நீட்டி என் மூஞ்சிக்கு நேரே. தகப்பன் காலைப் பிடிக்காத குறையாக வாயைப் பொத்தப் பார்க்கிறார், அவ கேட்கவே இல்லை. ரயில் ஊதிக்கொண்டிருந்தபடியால் தப்பினோம். எனக்குத் தமிழ் தெரியாது. ஒரு சொல் மட்டும் இன்றைக்கும் காதில நிற்குது. எரும... எருமமாடு. அதென்ன சொல்?"

இராஜகுமாரி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் றமீலா நினைத்தாள். கையை எடுத்தபோது பார்த்தால் சிரிப்பு, கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரிப்பு. றமீலாவுக்கும் அடக்க முடியவில்லை. சொல்லின் அர்த்தத்தை இருவருமாகச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார்கள். ஹேமபால கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியாகத்தான் சொல்லியிருக்கிறா," என்றார்.

"நெசமாவே எங்கம்மாவா?" இராஜகுமாரி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த செல்லம்மா குரல் உயர்த்தாதவள். கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கேட்கப் பயந்து திரும்பி வருகிறவள். கதவு தட்டினால் மகளைத்தான் போய்த் திறக்கச் சொல்வாள். அந்த அம்மாவுக்கு முன்னால் இன்னொரு அம்மா இருந்திருக்கிறாள் என்பதே இவளுக்குத் தெரியாது. அந்த வயதில் எடுத்த ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. எல்லாம் வீட்டோடு எரிந்துபோனது.

"மன்னிப்பெல்லாம் எதுக்குங்க ஐயா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அம்மா அங்கேயே பதில் குடுத்துட்டாங்க. எனக்கு அவங்களப் பத்திச் சொல்லுங்க. எப்பிடி இருந்தாங்க?"

ஹேமபால கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பச்சைச் சேலை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஒல்லி. தலைமயிர் நீளம், அதில் கிரீஸ் பட்டுவிட்டதென்று அதற்கும் ஏசினாள். பாணும் வாழைப்பழமும் கொடுத்தபோது முதலில் வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு இரண்டு பழம் கூடுதலாகக் கேட்டு வாங்கினாள். சாயங்காலம் பிள்ளையைத் தூங்க வைக்க ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். மேலே லீவரடியில் நின்ற இவருக்கும் தூக்கம் வந்துவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல, இராஜகுமாரி கதிரையை இழுத்து இழுத்து அவர் பக்கத்துக்கே போய்விட்டாள்.

"என்ன பாட்டுங்க? மெட்டு தெரியுமா?"

மெட்டு தெரியாது என்றார். ஆனால் போகும்போது சாமான் வண்டியில் ஏறி நின்று அவள் திரும்பிப் பார்த்ததும், கும்பிடாமல், கையசைக்காமல், பிள்ளையின் கையைத் தூக்கி இவருக்குக் காட்டியதும் நினைவிருக்கிறது என்றார்.

றமீலா எழுந்து முற்றத்துக்குப் போனாள். அந்தூரியத்தைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றாள். தன் புத்தகத்தில் மாமரக் கேபினுக்கு ஒதுக்கிய அரைப் பக்கம் போதாது என்று தோன்றியது. மேலதிகாரி முகம் சுளிப்பார். லீவர் எண்ணிக்கை கேட்ட இடத்தில் இதென்ன என்பார். கீழறையின் நீள அகலத்தை மட்டும் எழுதி அதற்கு வரலாறு என்று பேர் வைக்க முடியாது என்று அவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளேயிருந்து ஹேமபாலவின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பலாக்காய்க் கறியும் பருப்பும். றமீலாவுக்கென்று ஹலால் பார்த்து முட்டையைப் புதுச் சட்டியில் தனியாக அவித்திருந்தாள். சாப்பிடும்போதும் இராஜகுமாரி கேள்வியை விடவில்லை. சேலையில் பூப் போட்டிருந்ததா, காதில் தோடு இருந்ததா, சிரித்தாளா. அவரும் சலிக்காமல், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் எழுந்து றோட்டுக்கு வந்தபோது கண்டி பஸ் மூன்று போயிருந்தது.