மேல்வீட்டு டிரைவரின் வலது கை

1
இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. தண்ணீர் கேனோடு ஏறிக்கொண்டிருந்த மேல்வீட்டு அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"வாடகைக்கு வீடு இருக்கான்னு ஒருத்தன் வந்தான் தம்பி. தங்கமாப் பேசினான். அப்புறம் பாத்தா ஆபீஸ் ஆளு."

அவருடைய கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். குண்டுவெடிப்பில் லாரி கவிழ்ந்ததிலிருந்து வலது கையில் நடுக்கம். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை. கை இன்னும் நடுங்குகிறதா என்று, அதற்கு அனுமதி தரும் அலுவலகம் அவ்வப்போது பார்க்கும். சொல்லிவிட்டும் வரும், சொல்லாமலும் வரும்.

2
"நாட்டுக்காகத் தன் கையை..."

கதையை இப்படித் தொடங்கினேன். வேண்டாம், மேடைப்பேச்சு வாடை. நேரில் கேட்டே எழுதலாம் என்று மேலே போனேன்.

"யாரு அனுப்புனா?" என்றார் டிரைவர்.

"யாரும் அனுப்பலண்ணே. நான் கதை எழுதுறவன்."

"அவனும் வீடு தேடுறவன்தான்."

அக்கா என் போனை வாங்கிச் சமையலறை டப்பாவுக்குள் போட்டு மூடினார். டிரைவர் டம்ளரை எடுத்தார். பாதித் தேநீர் மடியில் கொட்டியது. (கொஞ்சம் கூடுதலாகவே கொட்டுகிறதோ என்று எனக்கும் தோன்றியது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி.)

3
"நம்பலன்னா எக்ஸ்ரே காட்டுறேன்" என்று பரணில் தேட அக்கா ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடியது. அவர் சரிந்தார். டிரைவர் ஒரே எட்டில் போய்த் தாங்கி நிறுத்தினார், ஒற்றைக் கையால். அந்தக் கை நடுங்கவில்லை.

கீழே இறங்கிய அக்காவின் முகத்தில் இருந்தது விழப்போன பயமல்ல.

"தம்பி, இதையும் எழுதுவீங்களா?"

"பாத்தாச்சுல்ல. இனி கேட்டு என்ன?" என்றார் டிரைவர்.

4
மாற்று ஒன்று: அக்கா விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. நடுக்கம் நிரூபணமாகிறது. அலுவலகத்துக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு கதைக்காக அக்காவின் எலும்பை முறிக்க எனக்கு மனசு வரவில்லை.

மாற்று இரண்டு: ஒரு மருத்துவர் வந்து, பதற்றத்தில் நடுங்கும் கையும் ஒரு நொடி நிற்கக்கூடும் என்கிறார். இருக்கலாம். தன் மருத்துவரையே நம்பாத அலுவலகம் என் கதையில் வரும் மருத்துவரையா நம்பப்போகிறது?

5
அடுத்த மாதமே சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். 'முன்னேற்றம் காணப்படுகிறது' என்றார்களாம். கண்டது யார் என்று சொல்லவில்லை.

நான் ஒரு வரிகூட எவருக்கும் காட்டியிருக்கவில்லை. ஆனாலும் படியில் என்னைக் கண்டால் அக்கா ஒதுங்கி, நான் தாண்டும்வரை சுவரையே பார்க்கிறார். நேற்று பொறுக்கமாட்டாமல் சொன்னேன்.

"அக்கா, சத்தியமா நான் இல்ல."

"நான் உங்கள ஒண்ணும் கேக்கலியே" என்றார். தம்பி என்ற சொல் இல்லை.

மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் மூன்றாம் பகுதியில் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். இடதா, வலதா? கேட்பீர்கள் என்று தெரியும். சொல்கிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள், எங்கே வேலை பார்க்கிறீர்கள்?