லிஃப்ட் சுவிட்ச் போட்ட பெடல்

வாண்டின் மிதி தாங்காமல் அந்தப் பிளாஸ்டிக் பெடல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டாகப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டி. இடையில் ஒரே ஒரு சனிக்கிழமை.

வாண்டு என்றதும் யாரோ சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக். பதினான்காவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அதட்டலாகப் பேசி அழுகையை நிறுத்துகிறவள். ஆள் குள்ளம். சின்ன வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர், இவள் வளர்வாள் வளர்வாள் என்று காத்திருந்து அலுத்துப்போய், அவளோடேயே தங்கிவிட்டது.

அண்ணன் கீழ் வீடு, அவள் மாடி. அண்ணனுக்கு வேலை ஓட்டலில் டிரம் வாசிப்பது. சனிக்கிழமைதோறும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு அவருடைய குழு பாட்டுப் போடும். மற்ற நாட்களில் டிரம் செட் கீழ் வீட்டுப் பின்னறையில் இருக்கும். அறைக்குப் பூட்டு உண்டு. அண்ணி பெருக்குவதற்குப் போனால்கூட, "ஸ்டூலைத் தொடாதே" என்று வாசலில் நின்று காவல் காப்பார். வாண்டுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு தடவை அந்த ஸ்டூலில் இரண்டு நிமிஷம் உட்காரக் கிடைத்தது. "உனக்குக் கால் தாளத்துல நிக்கலடி, எழுந்திரு" என்று அண்ணன் எழுப்பிவிட்டார். அவர் மறந்துபோனார். அவள் மறக்கவில்லை.

அதனால்தான் போன வருஷம் அந்த வீடியோ கேமை வாங்கினாள். டிவியில் பாட்டு ஓடும். மேலிருந்து கலர் கலராகக் கட்டங்கள் இறங்கி வரும். எந்தக் கலர் அடியில் இருக்கிற கோட்டைத் தொடுகிறதோ அந்தக் கலர் தட்டில் குச்சியால் அடிக்க வேண்டும். ஆரஞ்சுப் பட்டை வந்தால் காலால் பெடலை மிதிக்க வேண்டும். தப்பவிட்டால் டிவிக்குள் இருக்கிற கூட்டம் ஊளையிடும். வாண்டு தினமும் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஊளை வாங்கினாள். ஆறு மாதத்தில் ஊளை நின்று கைதட்டல் வந்தது.

போன வாரம் அண்ணன் மேலே ஏறி வந்தார்.

"யாருடி அது, சுவத்தை இடிக்கிறது? என் சீலிங்லேருந்து சுண்ணாம்பு உதிருது."

"டிரம் வாசிக்கிறேண்ணா."

அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் தட்டுகளைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுவா டிரம்மு? இதுல எங்க வீட்டு நாய்க்குச் சோறு போடலாம்."

"அப்போ நீயே இதுல அடிச்சுப் பாரேன். என்னை விட அதிகமா மார்க் வாங்கு பாப்போம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் கைவந்த கலை. பின்னாலேயே ஏறி வந்த அண்ணி நடுவராக நின்றாள். அண்ணி கணக்கு டீச்சர். நிபந்தனைகளை வரிசைப்படுத்தாமல் எதையும் ஆரம்பிக்க விடமாட்டாள். வாண்டு ஜெயித்தால், போட்டிக்கு அடுத்த சனிக்கிழமை ஓட்டலில் ஒரு பாட்டுக்கு அண்ணனின் ஸ்டூலில் உட்கார்ந்து வாசிக்கலாம். தோற்றால், கேமைக் குப்பையில் போட்டுவிட்டு இந்த ஜென்மத்தில் டிரம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் பெடல் உடைந்தது. வாண்டுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒட்டிப் பார்த்தாள், தகரம் வைத்து முறுக்கிப் பார்த்தாள், இரண்டே மிதியில் மறுபடி வாயைப் பிளந்தது. விஷயம் கேள்விப்பட்ட அண்ணி, சனிக்கிழமை காலையில் முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"உங்க அண்ணன் எப்பவோ கழிச்சுப் போட்ட பெடல். கொட்டகையில துரு பிடிச்சுக் கிடந்துச்சு. நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே நாத்தனாரே."

நிஜ டிரம்மின் நிஜப் பெடல். கால் வைக்க இரும்புப் பலகை, இழுக்கச் சங்கிலி, திருப்பி இழுக்க ஸ்பிரிங், அடிக்க ஒரு கம்பியின் நுனியில் கம்பளி உருண்டை. யானை ஏறி மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதை டிவிக்கு எப்படிப் புரியவைப்பது? வாண்டு உடைந்த பெடலின் வயரை அறுத்து, உள்ளே இருந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாள். டிவியில் ஒரு மிதி விழுந்தது. இவ்வளவுதானா சூட்சுமம்! இரண்டு கம்பியும் சேர்ந்தால் மிதி, பிரிந்தால் மிதி முடிந்தது. வெறும் சுவிட்ச். சுவிட்ச் விஷயத்தில் வாண்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவளுடைய டூல்ஸ் பையில் காந்தச் சுவிட்சுகள் கிடந்தன. லிஃப்ட் போகும் வழியில் பென்சில் கனத்தில் ஒன்று பொருத்தியிருப்பார்கள். லிஃப்டில் ஒட்டிய காந்தம் அதைத் தாண்டும்போது, எந்த மாடி வந்தது என்று மெஷினுக்குத் தெரியும். வாண்டு உருண்டை இருந்த கம்பியில் காந்தத்தைக் கட்டினாள். பக்கத்துச் சட்டத்தில் சுவிட்சை இறுக்கினாள். உருண்டை போய் மோதுவதற்கு, கழித்துப்போட்ட லிஃப்டின் அடி ரப்பர் ஒன்றை ஒரு மரப்பலகையில் அறைந்து முன்னால் நிறுத்தினாள். மிதித்தாள். டிவி ஒப்புக்கொண்டது. துள்ளிக் குதித்ததில் கீழே இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.

பாதிப் பாட்டில்தான் வில்லங்கம் தெரிந்தது. காலை அரைகுறையாகத் தூக்கி மிதித்தால் அந்த மிதி கணக்கில் ஏறவில்லை. குனிந்து பார்த்தாள். அசடு! கை பழக்கதோஷத்தில் எடுத்தது மாடிச் சுவிட்ச். காந்தம் ஒரு தடவை தாண்டிவிட்டால் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். காந்தம் முழுசாகத் திரும்பி வந்து தாண்டினால்தான் விடும். லிஃப்டுக்கு அது நல்லது. பெடலுக்கு வேண்டியது காந்தம் நகர்ந்ததும் விட்டுவிடுகிற கதவுச் சுவிட்ச். அதுவும் பையில்தான் இருந்தது. மாற்ற ஐந்து நிமிஷம் போதும்.

ஸ்குரூவில் ஸ்குரூ டிரைவரை வைத்தாள். அப்போது கீழே அண்ணன் ராத்திரி ஓட்டல் வாசிப்புக்காகப் பயிற்சி செய்கிற சத்தம் கேட்டது. தொம், தொம். வாண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசிப்பது அவளுக்கு மனப்பாடம். அவர் மிதித்தால் உருண்டையை டிரம்மின் தோலிலேயே வைத்து அமுக்கிப் பிடிப்பார். அடுத்த அடிக்கு ஒரு விரற்கடை பின்னால் எடுத்து மறுபடி அமுக்குவார். காந்தம் முழுசாகத் திரும்பவே திரும்பாது.

வாண்டு ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வேலைக்குப் போகும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாடி ஏறினார். பெடலைப் பார்த்ததும் நின்றார்.

"இது என் பெடலாச்சே?"

அண்ணி ஜன்னல் வழியாக வானத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கழிச்சுப் போட்டதுதானேண்ணா" என்றாள் வாண்டு. "உனக்குப் பழக்கமான பெடல்னா உனக்குத்தானே நல்லது?"

அது நியாயமாகப் பட்டது அவருக்கு. கையால் நாலு தடவை அழுத்தி டிவியைப் பார்த்தார்; நாலும் விழுந்தது. கையால் அழுத்தும்போது யாரும் முழுசாகத்தான் விடுவார்கள்.

முதலில் வாண்டு. பிளாஸ்டிக் பெடலில் ஒரு வருஷம் மிதித்த கால்; ஒவ்வொரு மிதிக்கும் முழுசாக மேலே வந்து இறங்கியது. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. பிறகு அண்ணன். ஓட்டலில் ஆயிரம் தடவை வாசித்த பாட்டு அது. கை இரண்டும் ஒரு அடி தப்பவில்லை. வாண்டே ஒரு கணம் வாய் பார்த்தாள். ஆனால் கால்! மிதிக்கிறார், டிவி கண்டுகொள்ளவில்லை. கூட்டம் ஊளையிட்டது.

"மிதிச்சேனே! இப்போ மிதிச்சேன், பாத்தியா இல்லையா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அண்ணி, குறிப்பெழுதியபடியே.

இந்த ஒரு தடவை கூடம் நிஜமாகவே கோணல் என்பது வாண்டுக்கு மட்டும் தெரியும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அண்ணனுக்கு அறுபத்தெட்டு.

கத்துவார், பெடலைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசம் எங்க பாட்டுக்காரன் சொன்னான். 'என்ன சார், கால் கொஞ்சம் பின்னால வருதே'ன்னு. நான் அவன்கூடச் சண்டை போட்டேன்." முழங்காலைத் தடவிக்கொண்டார். "அம்பது தாண்டிட்டேன்ல. கை இருக்கு, கால் போயிடுச்சு போலருக்கு. சனிக்கிழமை நீயே வாசி வாண்டு. ஒரு பாட்டு எதுக்கு, முழுசா வாசி. நான் வரல."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல உட்கார்ந்திருந்தாள் வாண்டு. முப்பது வருஷமாகக் கேட்டது கையில் வந்து விழுந்திருக்கிறது, கேட்டதற்கு மேலேயே. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"அண்ணா, உன் கால்ல ஒண்ணுமில்ல. அது மாடிச் சுவிட்ச்."

"என்னது?"

"காலை முழுசா எடுத்தாத்தான் கணக்குல ஏறும். நீ அமுக்கி வாசிக்கிறவன், உனக்கு ஏறாது. எனக்கு நேத்தே தெரியும். தெரிஞ்சேதான் மாத்தாம விட்டேன்."

அண்ணனின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். கால் இருக்கிறது! அடுத்ததாகக் கோபம் வந்தது, அதுவும் நல்ல ஆரோக்கியமான கோபம்.

"அடிப்பாவி! லிஃப்ட்ல இப்படிப் பண்ணினா ஆள் செத்துருவான்டி!"

"அதனாலதான் லிஃப்ட்ல பண்றதில்ல."

"நீ வாய் வேற பேசுறியா? வா கீழே! சுவிட்ச்சும் கிடையாது, டிவியும் கிடையாது. என் டிரம்ல இந்தப் பாட்டை அடிச்சுக் காட்டு. உன் தொண்ணூத்து நாலோட வண்டவாளம் தெரியட்டும்!"

கையைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டு போனார். பின்னறைப் பூட்டைத் திறந்தார். "உக்காரு!" என்று கர்ஜித்தார். அவள் உட்கார்ந்தாள். பாட்டைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்கத் தோதாக எதிரிலேயே நின்றார்.

கட்டங்கள் இறங்கி வராத வெறும் சுவர். வாண்டு பயந்துகொண்டே முதல் மிதியை மிதித்தாள்.

தொம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமில் மிதித்தால் ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான். தன் காலுக்கு இப்படியொரு சத்தம் உண்டு என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அது அடிவயிற்றில் போய் இடித்தது. கண் நிறைந்துவிட்டது; நல்லவேளை, பார்ப்பதற்குச் சுவரில் ஒன்றும் இல்லை. இரண்டாவது சரணத்தில் குதிகால் தரை எட்டாமல் நழுவி இரண்டு அடி தப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். பாட்டு முடிந்தது.

அண்ணன் கட்டிய கையைப் பிரித்தார். வாசலில் நின்ற அண்ணி மெதுவாகச் சொன்னாள்.

"இந்த ஸ்டூல்ல யாரையும் உக்கார விடமாட்டேன்னு சொன்னவரு யாருங்க?"

அண்ணன் ஸ்டூலைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தரைக்கு இரண்டு அங்குலம் மேலே தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய குதிகாலைப் பார்த்தார்.

"எழுந்திரு" என்றார்.

வாண்டு எழுந்தாள். அவ்வளவுதான், முடிந்தது என்று குச்சிகளை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. குனிந்து, ஸ்டூலின் அடியில் இருந்த திருகைப் பிடித்தார். வருஷக்கணக்காக யாரும் தொடாமல் இறுகிப்போயிருந்தது; முக்கித் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஸ்டூல் கீழே இறங்கியது.

"இப்போ உக்காரு" என்றார். "மொதல்லேருந்து வாசி."