ஒரு தட்டு வாங்கினால் இன்னொன்று இலவசம்

மலைக் கணவாயில் பனி கொட்டிக் கிடந்ததால் சாலையை அடைத்துவிட்டார்கள். மாலைக்குள் திறந்துவிடும் என்று ரேடியோ சொன்னது. வெல்டாவும் ஹார்லனும் ஒரு பகல் முழுக்க ரீனோ என்ற சூதாட்ட நகரத்தில் பொழுதைப் போக்க வேண்டியதாயிற்று. ஐடஹோவிலிருந்து வெல்டாவின் காரில் கிளம்பி சாக்ரமெண்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அங்கே அவள் தங்கை வீட்டில் இருவருக்கும் கல்யாணம். இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் அவசரமும் இல்லை, படபடப்பும் இல்லை.

வெல்டாவின் முதல் புருஷன் உருளைக்கிழங்கு விளைந்த நிலம் முழுவதையும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜாக்பாட் என்ற ஊரில் சூதாடித் தொலைத்தவன். அதனால் ஹார்லன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். காசினோ வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அவன் சொன்னான். அதை நம்பித்தான் சம்மதித்தாள். நேற்று ஜாக்பாட்டைக் கடக்கும்போது பெட்ரோல் போடக்கூட அவன் வண்டியை நிறுத்தவில்லை. அவளுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

மற்றபடி ஹார்லனிடம் அவள் கண்ட ஒரே குறை கஞ்சத்தனம். தள்ளுபடி என்று எழுதியிருந்தால் போதும், வேண்டாத பொருளுக்கும் வரிசையில் நிற்பான். ஒருமுறை இலவசக் காபிக்காக அவளை டிராக்டர் கடையில் உட்காரவைத்து, விற்பனைக்காரன் பேச்சை முழுக்கக் கேட்கவைத்தவன். குடிகாரனுக்கும் சூதாடிக்கும் கஞ்சன் எவ்வளவோ மேல் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

காலையில் ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து வாத்துகளைப் பார்த்தார்கள். குளிர் எலும்பைத் தொட்டதும், ஒதுங்க வேறு இடம் இல்லாமல் பக்கத்திலிருந்த காசினோ ஹோட்டலுக்குள் நுழைந்தார்கள். காலை நேரத்திலேயே கிழவிகள் இடுப்பில் சுருள் கயிறு கட்டி, அதன் நுனியிலிருந்த மெம்பர் அட்டையைச் சூதாட்ட மெஷினில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கழிவறை எங்கே என்று ஹார்லன் காவலாளியிடம் கேட்டான். இதில் எங்கே காசு போடுவது என்று ஒரு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அவன் விழித்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் அவள் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தாள்.

மதியம் அங்கேயே மாடியில் பஃபே சாப்பிடப் போனார்கள். வரிசை அனுமார் வால் போல நீண்டிருந்தது. பக்கத்தில் தங்க அட்டைக்காரர்களுக்கான வழி காலியாகக் கிடந்தது. நின்று நின்று கால் வலித்த பிறகு கல்லாவை நெருங்கினார்கள்.

"மெம்பர் கார்டு இருக்கா சார்? இருந்தா இன்னிக்கு ஒரு தட்டு வாங்கினா இன்னொன்னு இலவசம்" என்றாள் கல்லாவில் இருந்த பெண்.

ஹார்லனின் கை அவனைக் கேட்காமலே பர்ஸுக்குள் போய்விட்டது. ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை உருவி நீட்டியது. அந்தப் பெண் அதைத் தேய்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"மறுபடி வந்ததுல சந்தோஷம், மிஸ்டர் டட்டில். கோல்டு கார்டை வச்சுக்கிட்டு நீங்க ஏன் சார் இந்த வரிசையில நின்னீங்க?"

தங்க அட்டையை யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆடியவனுக்குத்தான் அது கிடைக்கும். நிலத்தையே தொலைத்த வெல்டாவின் முதல் புருஷனுக்குக்கூட வெள்ளி அட்டைதான் கிடைத்தது.

அவள் கூச்சல் போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். ஏழெட்டு இருக்கும் என்றான் ஹார்லன். மாட்டுச் சந்தை என்று சொல்லிவிட்டுப் போனதில் பாதி இங்கேதான் என்பதையும் ஒப்புக்கொண்டான்.

"சரி, என் எதிர்ல அந்தக் கார்டை ஏன் எடுத்த?"

"ஒரு சாப்பாடு சும்மா கிடைக்குதுன்னாங்களே, வெல்டா."

அவனைப் பழகிய நாளிலிருந்து அவன் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை இதுதான் என்று அவளுக்குப் பட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சத்தியமாக விட்டுவிடுவதாகவும் சொன்னான். முதல் புருஷன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் சொன்னான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவன்மீது பாதி, இரண்டாவது முறையும் ஏமாந்த தன்மீது பாதி. இறைச்சியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றாள்.

அவள் பேசாமல் சாப்பிட்டதைப் பார்த்த ஹார்லன் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இனிப்புக்கு ஆப்பிள் பை எடுத்துவருவதாகச் சொல்லி உற்சாகமாக எழுந்து போனான். அங்கேயும் வரிசை நீளம்தான்.

வெல்டா கீழே இறங்கி, கார் நிறுத்தத்தில் நின்ற தன் காரிலிருந்து அவனுடைய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் இருந்த சிப்பந்தியிடம் கொடுத்தாள். கணவாய் திறந்துவிட்டதா என்று விசாரித்தாள். திறந்து ஒரு மணி நேரம் ஆகிறது என்றான் அவன். பெட்டியில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"டட்டில் சாரோட பெட்டியா? அவர் எப்பவும் தங்குற ரூம்லயே வச்சிரட்டுமா, மேடம்?"

"அதுலயே வை. இந்தத் தடவை ரொம்ப நாள் தங்குவார்" என்றாள் வெல்டா.