தண்ணீருக்குள் விசில்

மனைவியோடு போன அந்தக் கடற்கரைப் பயணத்துக்கு ஃபோர்மேன் தூங்குவதற்காகத்தான் வந்தார். தகடு அழுத்தும் தொழிற்சாலையில் அவருக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ஒன்பது பிரஸ் மெஷின்கள் அவர் பொறுப்பில் ஓடின. அந்தக் கூடத்து இரைச்சலில் பேச்சு என்றால் கை ஜாடைதான். வீட்டில் மனைவி சொல்வது பாதிதான் காதில் விழும். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறவள், அதனால் குரலே அப்படி ஆகிவிட்டது என்று அவர் ஒரு காரணம் வைத்திருந்தார்.

“வீட்டுக்கு வந்தும் நீ லைப்ரரியிலயேதான் இருக்க. கொஞ்சம் வாயத் திறந்து பேசேன்,” என்பார்.

அவள் வைத்திருந்த காரணம் வேறு. மனிதருக்குத் தன் மேல் அக்கறை விட்டுப்போய்விட்டது என்று அவள் முடிவு கட்டி ஏழெட்டு வருஷம் ஆகிறது. சண்டை போடுகிற சுபாவம் அவளுக்கு இல்லை. ஒரு தடவை சொல்வாள். பதில் வராவிட்டால் மறுபடி சொல்ல மாட்டாள். அப்படிச் சொல்லாமல் விட்டவை நிறையச் சேர்ந்திருந்தன.

தூங்கத் திட்டமிட்டவரைக் கடலுக்கு இழுத்துப் போனதும் அவள்தான். நாற்பது வயதுக்கு மேல் நகராட்சிக் குளத்தில் நீச்சல் கற்றவள். விடுதி வரவேற்பறையில், கடலில் தன்போக்கில் திரியும் டால்பின்களோடு நீந்தலாம் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படித்தவள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் அறைக்கு வந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகு கிளம்பியது. அவர்களைத் தவிர, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது. வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விதிகளைச் சொன்னாள்.

“தொடக் கூடாது, துரத்தக் கூடாது. அதுங்க வந்தா வரும், போனா போகும். நீங்க கயித்தப் பிடிச்சுக்கிட்டு சும்மா மிதங்க. முகம் மட்டும் தண்ணிக்குள்ள இருக்கட்டும்.”

முக்கால் மணி நேரம் ஒன்றும் வரவில்லை. புது மாப்பிள்ளைக்குக் குமட்ட ஆரம்பித்திருந்தது. பிறகு இடது பக்கம் முதுகுகள் தெரிந்தன. வழிகாட்டிப் பெண் இன்ஜினை அணைத்தாள். நான்கு பேரும் இறங்கினார்கள்.

ஏழு டால்பின்கள் வந்தன. கீழேயிருந்து, அவசரமே இல்லாமல். ஒன்றின் விலாவை ஒட்டிக் குட்டி ஒன்று. பெரியது ஒன்று ஃபோர்மேனுக்கு இரண்டு கை தூரத்தில் சாய்ந்து திரும்பி, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தது. புதிதாக வேலைக்கு வந்தவனை மேற்பார்வையாளர் பார்ப்பதுபோல இருந்தது அது. பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவருக்கு நெஞ்சுக்குள் லேசாக ஏதோ அதிர்ந்தது. மற்றபடி தண்ணீர் அமைதியாக இருந்தது.

படகில் ஏறியதும் மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். “அந்த விசில்...” என்றாள் புதுப்பெண். குமட்டலை மறந்திருந்த மாப்பிள்ளை, “கதவு கிரீச்சுங்குமே, அந்த மாதிரியும் ஒண்ணு,” என்றான். ஃபோர்மேன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். என்ன பேச்சு என்று பிடிபடாத இடத்தில் சிரித்து வைப்பது அவருக்குக் கைவந்த கலை.

“உங்களுக்கு சத்தம் நல்லாக் கேட்டுச்சா சார்?” என்று வழிகாட்டிப் பெண் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. பிரமாதம்.”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எது பொய் என்று தெரியும். எதற்காக இந்தப் பொய் என்பதுதான் புரியவில்லை.

கால் மணியில் அந்த டால்பின் கூட்டம் திரும்பி வந்தது. இந்த முறை இறங்கும்போது அவர் கையை அவள் பிடித்துக்கொண்டாள். “ஒவ்வொரு தடவ விசில் வரும்போதும் அமுக்குறேன்,” என்று அவர் காதருகே சொன்னாள். அவர் தலையாட்டினார்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார்கள். டால்பின்கள் கீழே வட்டம் போட்டன. அவள் அமுக்கினாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினாள், நீளமாக. அப்புறம் சின்னச் சின்னதாக நான்கைந்து. பிறகு விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள். கண்ணுக்கு முன்னால் ஒன்றையொன்று ஒட்டி உடல்கள் புரண்டன. அவர் காதில் படகில் தண்ணீர் மோதுகிற சத்தம் மட்டும் இருந்தது. பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு அவர் எண்ணுவதை நிறுத்தினார்.

தலையைத் தூக்கிக் கண்ணாடியைக் கழற்றினார்கள்.

“ஒண்ணு கூடவா?” என்றாள்.

“ஒண்ணு கூட இல்ல.”

படகு கரைக்குத் திரும்பியது. அவள் அறைக்கு வந்து, தலையைத் துவட்டி, ஈரத் துணிகளை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டபின் கட்டிலில் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

“நாலு வருஷத்துக்கு முன்னால நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேனே. மூணு தடவ கூப்பிட்டேன். நீங்க ஹால்ல பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க.”

“கேக்கல.”

“நானே எந்திரிச்சு வந்தேன். நீங்க என்னைப் பார்த்து, காபி போடுறியான்னு கேட்டீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு தடவை காது பரிசோதனை நடக்கும். மூன்று வருஷமாக அந்த நாளில் மட்டும் அவர் லீவு போட்டுவந்தார். தேறாவிட்டால் கூடத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். அதைச் சொன்னார். இவ்வளவு போயிருக்கும் என்று நினைக்கவில்லை என்பதையும் சொன்னார்.

“அப்ப என் குரல்தான் சரியில்லன்னு சொன்னதெல்லாம்?”

“அப்படியும் இருக்கலாம்னு நெனச்சேன்.”

“இத்தனை வருஷமா உங்க மேல கோபத்த வளர்த்து வச்சிருக்கேன். இப்ப அத எங்க கொண்டுபோய்ப் போடுறது, சொல்லுங்க.”

அன்று சாயங்காலம் அவள் தனியாகக் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வந்தாள். மிச்ச இரண்டு நாளும் சாதாரணமாகவே கழிந்தன. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் முன்னால் வந்து நின்று சொன்னாள். ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்குத் திரும்பிய வாரமே அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே இருந்த அவளுக்கு, அவர் விரல் அசையாமல் இருந்த நேரமெல்லாம் தெரிந்தது. பரிசோதனை வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராக வந்து, அங்கிருந்து படியில் உருண்டதுபோல விழுந்திருந்தது. மேல் சுருதிகள் போனவை போனவைதான், காதுக் கருவி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார் டாக்டர்.

அறிக்கையை ஃபோர்மேன் தானே தொழிற்சாலையில் கொடுத்தார். ஒரு மாதத்தில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். மெஷின் கூடத்தை விட்டுப் போன அன்று கூட்டாளிகள் கை ஜாடையிலேயே விடை கொடுத்தார்கள். ஸ்டோரில் மேஜை, நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். நட்டு போல்ட்டுக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை.

கருவி வைத்த முதல் வாரம் எல்லாமே தொல்லையாக இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிகிற மாதிரி இருக்கிறது என்றார். இரண்டாவது வாரம், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தவள் ஏதோ முணுமுணுத்தாள்.

“கேக்குது,” என்றார் ஹாலிலிருந்து.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “என்ன சொன்னேன்?”

“இவருக்கு ஸ்டோர்தான் சரின்னு சொன்ன.”

“ஆமா, சொன்னேன்,” என்றாள். மறுபடி முதுகைக் காட்டிக் கரண்டியைக் கழுவி வைத்தாள். பிறகு, நாலு வருஷத்துக்கு முன்பு விழுந்த இடம் குளிர் காலத்தில் இன்னும் வலிக்கிறது என்று, திரும்பாமலே, அவளுடைய வழக்கமான குரலில் சொன்னாள். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.