தலைகீழாக நட்ட செராய்

மலாய்க்கார மக்சிக் ரொக்கியாவின் மகள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை ஊர்வலத்தின் கொம்பாங் மேளம் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்தும் பேட்டைக்குள் நுழைந்த அதே நொடியில், லாரி நிறைய ஜல்லியைக் கொட்டியது போன்ற சத்தத்தோடு மழை வந்தது. வந்த மழை பந்தலின் மேல் மட்டும் பெய்தது. பந்தலுக்கு ஓரடி தள்ளி நின்றிருந்த டாக்சிக்காரர் வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே வேடிக்கை பார்த்தார். எதிர் புளோக்கின் மூங்கில் கழிகளில் துணிகள் மொடமொடவென்று காய்ந்துகொண்டிருந்தன. பந்தலின் தார்ப்பாய் மட்டும் தொப்பை போட்டு, இன்னும் பெரிதாகத் தொப்பை போட்டு, கடைசியில் மணமேடைக்கு நேர் மேலே கிழிந்தது. பெண்ணின் கண் மை கன்னம் வழியாக இறங்கி, கழுத்தைத் தொட்டு, பட்டுச் சட்டைக்குள் போய்விட்டது. மாப்பிள்ளை வெயில் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மழைப் பக்கத்திலிருந்து பெண் வெளியே வரட்டும் என்று காத்திருந்தார். வறட்டி எடுத்த ரெண்டாங் கறி அன்று சூப்பாகப் பரிமாறப்பட்டது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

விருந்தாளிகள் வானத்தைப் பார்க்கவில்லை. புளோக்கில் குடியிருந்த அத்தனை பேரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே, பந்தல்காலுக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட நனைந்தபடி கெக் நியோ நின்றிருந்தாள். அவள் காலடியில், வேர் மேலேயும் இலை மண்ணுக்குள்ளுமாக, ஒரு பிடி செராய், எலுமிச்சை வாசம் அடிக்கும் சமையல் புல், நட்டிருந்தது. வேரின் நுனியில் இரண்டு சிவப்பு மிளகாய் செருகியிருந்தது. எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

கெக் நியோவுக்கு நாற்பத்து நான்கு வயது. பெரனாக்கான் குடும்பம், வீட்டில் பேசியது மலாய், கும்பிட்டது சீனச் சாமி, சமையலுக்கு மிளகாய் அரைத்தது அம்மியில். வேலை ஒரு கிளினிக்கில், நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. சிங்கப்பூரில் அது லேசான வேலை இல்லை. சுப்பிரமணியத்தையும் ங் சியோக் ஹுவாயையும் நூர்ஹிதாயாவையும் அவரவர் அம்மா கூப்பிடுவதுபோல் கூப்பிட அவளால் முடிந்தது. அவள் கூப்பிட்டதும் பாதி நோய் போய்விட்டது என்று சொல்லி, டாக்டரைப் பார்க்காமலே திரும்பிய கிழவர்கள் இருந்தார்கள்.

ஆனால் புளோக்குக்கு அவள் முக்கியமானது அதனால் அல்ல. திறந்தவெளியில் ஒரு காரியம் என்றால், கல்யாணமாகாத ஒரு பெண் செராயைத் தலைகீழாக நட்டால் மழை வராது என்பது மலாய்க்காரர் வழக்கம். நாளடைவில் அது சீனர் வழக்கமும் தமிழர் வழக்கமும் ஆகி, பள்ளிக்கூட விளையாட்டு விழா வரைக்கும் போய்விட்டது. பல பெண்கள் நட்டார்கள். பலிப்பது பாதி, பலிக்காதது பாதி. கெக் நியோ நட்டால் மட்டும் தவறியதே கிடையாது. மழை வரும். பந்தலின் ஓரம் வரைக்கும் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் விருந்தாளி மாதிரி அங்கேயே நிற்கும். பிள்ளைகள் பந்தலுக்குள் நின்றபடி கையை மட்டும் நீட்டி மழையில் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். காரியம் முடிந்ததும் அவளே வந்து செராயைப் பிடுங்க வேண்டும். ஒரு தீபாவளிச் சந்தைக்கு நட்டுவிட்டு, மலாக்காவுக்குச் சித்தி வீட்டுக்குப் போனவள் பிடுங்க மறந்துவிட்டாள். இறங்க வழியில்லாத மேகம் புளோக்கின் மேல் தேங்கி நின்றது. பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் அவள் திரும்பி வரும்வரை தலையணையைப் பிழிந்து பிழிந்து படுத்தார்கள்.

அவள் ஊரில் இல்லாத வேறொரு வாரம், அதே புளோக்கின் சீனக்கார டான் ஆன்ட்டி வீட்டுச் சடங்கு ஒன்று வந்தது. ஆறாம் மாடி லெட்சுமி, "என் மக இருக்காளே, எதுக்குக் கவலைப்படுறே?" என்று தன் மகள் இந்துமதியை நடச் சொன்னாள். இந்துமதி நட்டாள், பந்தல் மிதந்தது. அன்று தீவு முழுவதும் மழை. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்த செராயை வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்று லெட்சுமி கடைக்காரனைத் திட்டியதோடு சரி.

கெக் நியோவை புளோக் நன்றாகவே வைத்துக்கொண்டது. எந்த விருந்தானாலும் முதல் தட்டு அவள் வீட்டுக்குப் போகும். நெய்ச்சோறு, நிலவு அப்பம், முறுக்கு என்று அவள் வீட்டில் அடுப்பு எரியாத வாரங்கள் உண்டு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் புளோக் அவளுக்கு உதவவில்லை. அவளைப் பெண் பார்க்க யாராவது வந்தால், மின்தூக்கி ஏறுவதற்குள் அவரை யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஒரு பேங்க் குமாஸ்தாவிடம், அவளுக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி என்று டான் ஆன்ட்டி சொன்னாள். பொய் சொன்னதற்காகக் கோயிலுக்குப் போய் ஊதுபத்தியும் கொளுத்திவிட்டு வந்தாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம், "தங்கமான பொண்ணு. ஆனா உங்க மூஞ்சிக்கு ஒத்து வராது" என்றாள் லெட்சுமி. யாருக்கும் அவள்மேல் பகை இல்லை. எல்லோர் வீட்டிலும் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தன, அவ்வளவுதான்.

யாருமே சந்தேகப்படாத ஆள் பாக்கியநாதன். பந்தல் போடுகிறவர். சவேரியார் படம் ஒட்டிய லாரியில், மலாய்க் கல்யாணத்துக்கு மஞ்சள் துணியும் சீனச் சாவுக்கு நீலத் துணியும் தமிழர் விசேஷத்துக்குச் சிவப்புத் துணியும் வைத்திருப்பார். அவர் பந்தல்கால் ஊன்றுகிற இடத்தில் அவள் செராய் ஊன்றுவாள். வருடக்கணக்காக, பந்தலின் இரண்டு மூலைகளிலிருந்தும், மழை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தவர்கள், எப்போதோ ஒரு நாள் கழுத்தை இறக்கி ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். அவருக்கு ஐம்பது வயது. அண்ணன் வீட்டுக் கூடத்தில் படுக்கை.

அரசாங்க வீடு வேண்டும் என்றால் இந்த ஊரில் முதலில் கல்யாணப் பதிவகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வரிசையில் நின்று, சாவி கைக்கு வந்த பிறகுதான் தாலியோ தேநீரோ பாதிரியாரோ. அதுவரைக்கும் அவர்கள் கல்யாணமானவர்கள் அல்ல என்பதில் மூன்று இனத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தாலி ஏறாமல் பெண்டாட்டி இல்லை என்பாள் லெட்சுமி. மாமியார் கையில் தேநீர் கொடுக்காதவள் மருமகள் இல்லை என்பாள் டான் ஆன்ட்டி. அதனால் கெக் நியோவும் பாக்கியநாதனும் ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பதிந்துகொண்டு, மீன் தலைக் கறி சாப்பிட்டுவிட்டு, அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

"ரொக்கியா அக்கா வீட்டுக் கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அவள்தான் சொன்னாள். ரொக்கியா ஒரு வருடத்துக்கு முன்பே வந்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்து, "உன்னை நம்பித்தான் வெளியில பந்தல் போடுறேன்" என்று கேட்டிருந்தாள்.

"வானத்துக்குத் தெரிஞ்சிடாதா?" என்றார் பாக்கியநாதன்.

"வெறும் கையெழுத்துதானே. வானம் என்ன பதிவகத்துல போய்ப் பார்த்துக்கிட்டா இருக்கு?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தது என்பது கொம்பாங் மேளம் நனைந்தபோது அவளுக்குப் புரிந்தது.

மற்றவர்களுக்குப் புரியவில்லை, அல்லது வேறு மாதிரிப் புரிந்தது. நாற்பத்து நான்கு வயது வரை ஒழுங்காக இருந்தவள் என்று பேச ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்கள். மின்தூக்கியில் அவள் நுழைந்தால் எல்லோரும் மாடி எண்களை உற்றுப் பார்த்தார்கள். முதல் தட்டு வருவது நின்றது. கெக் நியோ பல வாரங்களுக்குப் பிறகு தன் அடுப்பைப் பற்றவைத்து, உப்பில்லாத கஞ்சியைக் குடித்தாள். உண்மையைச் சொன்னால் ரொக்கியாவின் மகள் கல்யாணத்தைக் கெடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் அவளுக்கு நல்ல பெயர் இருக்காது. இரண்டில் ரொக்கியாவின் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நடுவில் டான் ஆன்ட்டியின் மாமனார் காலமானார். கெக் நியோவை யாரும் கூப்பிடவில்லை. மனசு கேட்காமல், ஒரு தடவை தவறியதுதானோ என்ற நப்பாசையில் அவளாகவே போய் ஒரு செராயை ஊன்றிவிட்டு வந்தாள். கிழவருக்காகச் செய்து வைத்திருந்த காகித மாளிகை, காகிதக் கார், காகித வேலைக்காரர் மேல் மட்டும் மழை பெய்து, அத்தனையும் கூழாயின. கிழவர் மேலுலகத்தில் வாடகை வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கும் என்று டான் ஆன்ட்டி அழுதாள்.

கடைசியில் லெட்சுமி, டான் ஆன்ட்டி, ரொக்கியா மூன்று பேரும் கெக் நியோ வீட்டுக்குக் கிளம்பினார்கள். யார் கேட்பது என்பதில் இழுபறி. "நீ மூத்தவ, நீ கேளு" என்றாள் லெட்சுமி. "என் வீட்டுல துக்கம், நான் கேட்கக் கூடாது" என்றாள் டான் ஆன்ட்டி. ரொக்கியா ஒரு தட்டில் பலகாரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசி, மீன் விலையைப் பற்றிப் பேசி, தண்ணீர் குடித்தார்கள். லெட்சுமி தொண்டையைக் கனைத்தாள். "உடம்பு கிடம்பு எல்லாம் நல்லா இருக்கா, கெக் நியோ?"

"நல்லா இருக்கேன்."

"இல்ல… வாந்தி, மயக்கம்…"

"லெட்சுமி, சும்மா இரு லா" என்றாள் ரொக்கியா.

கெக் நியோ எழுந்து போய் ரொக்கியாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நானும் பாக்கியநாதனும் ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி. அது கணக்கில வராதுன்னு நினைச்சேன்."

"யாரு, நம்ம பந்தல் பாக்கியநாதனா?" என்று டான் ஆன்ட்டி வாயைப் பிளந்தாள். "ரெஜிஸ்டர் பண்றது ஒரு கல்யாணமா? அது எப்படி மழை வரும்?"

"அப்ப தாலிக்கு மதிப்பே இல்லையா?" என்றாள் லெட்சுமி, வானத்தின்மேல் கோபமாக.

ரொக்கியா தட்டிலிருந்த பலகாரத்தை எடுத்தாள், திரும்ப வைத்தாள். கெக் நியோ அவள் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோழியெல்லாம் நனைஞ்சு போச்சு, சரி. பொண்ணு பேய் மாதிரி நின்னா, சரி" என்றாள் ரொக்கியா. "மழைக்குச் சொல்லியிருக்கே. எனக்குச் சொல்லலையே!"

கெக் நியோ அவள் மடியில் முகத்தை வைத்து அழுதாள். ரொக்கியா அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள், பிறகு அங்கேயே தடவினாள். "கல்யாணம் பண்ணிட்டுச் சோறு போடாம இருக்கியே, உனக்கு வெட்கமா இல்ல? சாவி வர்ற வரைக்கும் எல்லாம் காத்திருக்க முடியாது. நான் நெய்ச்சோறு செய்யுறேன்."

அப்படித்தான் அந்தக் கல்யாணம் முடிவானது. பிறகு நடந்தவற்றில் சொல்ல அதிகமில்லை. கெக் நியோவின் செராய் அன்றிலிருந்து மழையைத் தடுக்காமல் வரவழைத்தது. எங்கே நட்டாளோ அங்கே மட்டும். வறட்சி மாதங்களில் புளோக் தோட்டத்தின் வெண்டைப் பாத்திக்கு ஒன்று, ரொக்கியாவின் பாண்டான் செடிக்கு ஒன்று என்று நட்டுக் கொடுத்தாள். சீனர்களின் பேய் மாதத்தில் காகிதம் எரிக்கும் தீ மீறிப் போனால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எதிர் புளோக்குக்காரர்கள் கார் கழுவக் கேட்டபோது மட்டும் மறுத்துவிட்டாள். பதிவகக் கையெழுத்தே கல்யாணம், மழை அரசாங்கத்தின் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணை நட்டுக் காட்டச் சொல்ல ஒரு செராயையும் கையோடு கொண்டுவரும் பழக்கம் சில காலம் இருந்து, சண்டைகள் வந்ததால் தானாக நின்றது.

ஆனால் கெக் நியோ கல்யாணத்தன்று செராயை யார் நட்டார்கள் என்று கேட்டால், புளோக்கில் இன்றைக்கும் நேரான பதில் கிடைக்காது. பூப்பந்துத் திடலில் மூன்று நிறத் துணியும் சேர்த்துத் தைத்த பந்தலை மாப்பிள்ளையே போட்டிருந்தார். நெய்ச்சோறு தயார். தேநீர்க் கோப்பைகள் தயார். பாதிரியாரும் வந்துவிட்டார். கெக் நியோ, தாலியைப் பார்த்துச் சரியா என்று லெட்சுமியிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, கிழக்கே இடி இடித்தது. மணப்பெண் நட முடியாது. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"எதுக்கு முழிக்கிறீங்க? என் மக எதுக்கு இருக்கா?" என்று லெட்சுமி பெருமையாகச் சொல்லி, சந்தையில் அன்று காலை வாங்கிய புத்தம் புதிய செராயை இந்துமதியின் கையில் திணித்தாள். ஆறு மாதமாக மகளுக்குத் தமிழ்ப் பேப்பரில் வரன் தேடி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். "இந்தத் தடவை ஐஸ் பெட்டிச் செராய் இல்லடி. தைரியமா நடு."

இந்துமதி செராயைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த டான் ஆன்ட்டியின் மகன் பூன் கியாட், அடுக்கி முடித்த நாற்காலிகளை மறுபடியும் பிரித்து மிகவும் கவனமாக அடுக்கத் தொடங்கினான். கெக் நியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை மறைக்க முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இந்துமதி செராயை அம்மாவின் கையிலேயே மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

"அம்மா, ஆன்ட்டி கல்யாணம் நனையாம நடக்கணும்னா, இதை வேற யாருகிட்டயாவது குடும்மா."