மூச்சுக்கு ஒரு புல்

“யாரும் சத்தம் போடாதீங்க!” என்று அக்கா போட்ட சத்தத்திலேயே லேப்டாப் திரையில் நாலு புல் முளைத்துவிட்டது.

கட்டிலில் தம்பி கிடந்தான். உயிர் போய் இன்னும் அரை மணி ஆகவில்லை. தலைமாட்டில் அவன் ஒட்டிவைத்த மைக் மட்டும் கடமை தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தது. படுக்கையில் விழுந்தபிறகு அவன் எழுதிய புரோகிராம் அது. ஒரு மூச்சு விட்டால் திரையில் ஒரு புல் முளைக்கும். நீள மூச்சுக்கு உயரமான புல், இருமினால் வளைந்த புல். எல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். ஆயிரம் புல்லுக்குத்தான் இடம். அதற்கு மேல் ஒன்று முளைத்தால் இருப்பதிலேயே பழையது மறைந்துவிடும்.

“சேவ் பண்ற மாதிரி எழுதக்கூடாதாடா?” என்று போன வாரம்தான் அக்கா கேட்டாள்.

“எதுக்குக்கா? நான்தான் மூச்சு விட்டுக்கிட்டே இருக்கேனே” என்றான் படுபாவி.

இப்போது அவனுடைய கடைசி ஒரு மணி நேரம் அந்தத் திரையில் நின்றது. யாராவது நாற்காலியை இழுத்தால் அந்தச் சத்தத்துக்கும் ஒரு புல் முளைத்து, அவன் மூச்சில் ஒன்று போயிற்று. மைக்கைப் பிடுங்கவும் வழியில்லை. லிஃப்ட் பழுதுபார்ப்பவன் அல்லவா, கதவு சாத்தாவிட்டால் லிஃப்ட் நகரக்கூடாது என்று பழகியவன், வயர் கழன்றால் புரோகிராமே மூடி, புல்லெல்லாம் அழிந்துவிடும்படி எழுதிவைத்திருந்தான். செல்போனில் எடுத்தும் பார்த்தாள். அதில் இருந்தது வெறும் படம். அவளுக்கு அவன் மூச்சு வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவன் எழுதிய முதல் புரோகிராமும் சத்தத்தில்தான் ஓடியது. கை தட்டினால் வட்டம் விழும். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டியது அக்காதான். குக்கர் விசிலடித்தால் திரை முழுக்க ஒரே வட்டம். என்ன கூத்து இது என்று அம்மா வந்து திட்ட, வட்டத்துக்கு மேல் வட்டமாக விழுந்தது. “பாரும்மா, உன் வாய் எவ்ளோ பெருசுன்னு” என்று அவன் சொன்னதும் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் அம்மா கிசுகிசுத்தே திட்டினாள். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

அக்காவின் கணவர் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். சாவு வீடு பரீட்சை ஹால் மாதிரி இருந்தது.

அக்கா திரையையே காவல் காத்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அம்மாவின் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் அம்மா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு குலுங்கியது. முகம் கன்றிச் சிவந்திருந்தது.

“என்னம்மா பண்றே?”

அம்மா கையை எடுக்கவில்லை. கண்ணாலேயே திரையைக் காட்டினாள்.

அக்காவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கீழே உட்கார்ந்து அந்தக் கைகளை விலக்கினாள்.

“அழும்மா. வாய் விட்டு அழு.”

“புல்லு போயிடுமேடி.”

“போகட்டும்.”

அம்மா அழுதாள். கூடவே வீடும் அழுதது. அக்கா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். திரையில் புதுப் புற்கள் மளமளவென்று முளைக்க, பழையவை ஒவ்வொன்றாகப் போயின. தம்பி கடைசியாக விட்ட மூச்சு எது என்று அக்காவுக்குத் தெரியும். அது முளைக்கும்போது பக்கத்தில்தான் இருந்தாள். நகத்தளவு உயரம். அதுவும் மறைந்ததை அம்மாவின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பிடியை விடவில்லை.